மொத்த வியாபாரிக்கு அரசாங்க உதவி: கடையை பிரைவேட் லிமிடெட்டாக மாற்றினால் பலன் உண்டா?

மளிகைக்கடை மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட் பக்கம் எங்கள் அப்பா மளிகை வியாபாரம் செய்கிறார். முன்பக்கம் சில்லறைக் கடை. ஆனால் குடும்பம் நடப்பது மொத்த வியாபாரத்தில்தான். காக்கி புக்கிட்டில் ஒரு கிடங்கு வாடகைக்கு எடுத்திருக்கிறோம். தூத்துக்குடியிலிருந்தும் மும்பையிலிருந்தும் கொள்கலனில் வரும் மிளகாய், மல்லி, துவரம்பருப்பு, புளி எல்லாம் அங்கே இறங்கும். அங்கிருந்து பரோட்டா கடைகளுக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் திருமணச் சமையல் எடுப்பவர்களுக்கும் போகும். உள்ளூர் ஊழியர் நால்வர், ஜொகூர் பாருவிலிருந்து வந்துபோகும் இருவர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே கடை அப்பாவின் பெயரில் தனிநபர் உரிமை நிறுவனமாகப் பதிவாகியிருக்கிறது.

2024, 2025 இரண்டு வரவுசெலவுத் திட்டங்களிலும் நிறுவன வருமான வரியில் 50 விழுக்காடு தள்ளுபடி கொடுத்தார்கள். வரியே கட்டாத நிறுவனமானாலும், முந்திய ஆண்டில் ஓர் உள்ளூர் ஊழியருக்காவது மத்திய சேம நிதி செலுத்தியிருந்தால் குறைந்தது 2,000 வெள்ளி ரொக்கமாகக் கிடைத்தது. எங்களுக்கு அடுத்த கடை சேலைக்கடை. அது பிரைவேட் லிமிடெட் என்பதால் இரண்டு முறையும் பணம் வந்தது. நால்வருக்கு மாதந்தவறாமல் சேம நிதி கட்டும் எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. தனிநபர் நிறுவனம் அந்தக் கணக்கில் சேராதாம். உடனே நிறுவனத்தை மாற்றிவிடலாம் என்கிறான் தம்பி. கடையின் உருவத்தை மானியத்துக்காக மாற்றக் கூடாது என்கிறார் அப்பா. வீட்டில் இதுதான் இப்போது பேச்சு.

அப்பாவின் பிடிவாதத்துக்குக் காரணம் 2020. அதைச் சொன்னால்தான் என் கேள்வி முழுமையாகப் புரியும்.

அந்த ஆண்டு ஏப்ரல் 7 அன்று கொவிட் கட்டுப்பாடுகள் தொடங்கியபோது எங்கள் கடையை மூடச் சொல்லவில்லை. உணவுப்பொருள் விற்பது அத்தியாவசியச் சேவை. ஆனால் எங்களிடம் வாங்குபவர்கள் முடங்கிவிட்டார்கள். உணவகங்களில் பொட்டலம் மட்டும்தான். திருமணங்கள் நின்றன. கோயில் அன்னதானங்கள் நின்றன. மலேசியா எல்லையை மூடியிருந்ததால் எங்கள் ஜொகூர் ஊழியர்களை இங்கேயே தங்கவைக்க வேண்டியிருந்தது. அரசாங்க உதவி வரவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஊழியர் சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்ற வேலை ஆதரவுத் திட்டப் பணம் விண்ணப்பிக்காமலே வங்கிக் கணக்கில் விழுந்தது. வெளிநாட்டு ஊழியர் தீர்வை தள்ளுபடியானது, அதோடு தலைக்கு 750 வெள்ளியும் திரும்ப வந்தது. ஜொகூர் ஊழியர்களின் தங்கும் செலவுக்கும் முதல் 14 இரவுகளுக்கு ஆளுக்கு 50 வெள்ளி கொடுத்தார்கள். அப்பாவுக்குச் சுயதொழில் செய்வோருக்கான 9,000 வெள்ளி மூன்று தவணையாகக் கிடைத்தது. எங்கள் நால்வரில் ஒருவரைக்கூட வேலையைவிட்டு அனுப்ப நேரவில்லை. அதற்கு நன்றி உண்டு.

எங்களைக் கீழே தள்ளியது வேறு. மொத்த வியாபாரம் கடனில் நடப்பது. சரக்கு போன பிறகு 60 நாள், சிலருக்கு 90 நாள். மார்ச் மாத இறுதியில் வெளியே நின்ற பாக்கி மட்டும் 140,000 வெள்ளிக்குமேல். உணவகங்கள் மூடியதும் அந்தப் பணம் அப்படியே உறைந்துவிட்டது. தூத்துக்குடிக்காரர்களுக்கு நாங்கள் கட்ட வேண்டியது உறையவில்லை. அப்பா ஆகஸ்டில் 150,000 வெள்ளி தற்காலிக இடைக்கடன் எடுத்தார். ஐந்து ஆண்டுத் தவணை. 2025இல்தான் கடைசித் தவணை கட்டினோம். எங்களிடம் கடனுக்குச் சரக்கு எடுத்தவர்களில் ஓர் உணவகம் ஒரு வெள்ளிகூடத் தராமல் மூடிப்போனது.

என் கேள்வி இதுதான். பிரைவேட் லிமிடெட்டாக மாறினால் இப்போது இருக்கும் உதவிகளிலும் அடுத்த நெருக்கடியில் வரப்போகும் உதவிகளிலும் எங்களுக்கு உண்மையான வித்தியாசம் இருக்குமா? வராக்கடனுக்கு என்று ஏதாவது உதவி உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


தோ பாயோ கணக்காளர் எழுதியது:

வணக்கம் அம்மா. சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் தொழில். 2020இல் இப்படிப்பட்ட கேள்விகளோடு தினமும் உட்கார்ந்திருந்தேன். உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறேன்.

2,000 வெள்ளிக்காக மாற்றாதீர்கள். பிரைவேட் லிமிடெட் ஆனால் ஆறு மாதத்துக்குள் நிறுவனச் செயலாளரை நியமிக்க வேண்டும். ஆண்டறிக்கை, நிதிநிலை அறிக்கை, தனி வரிக் கணக்கு எல்லாம் தாக்கல் செய்ய வேண்டும். அந்தச் செலவு ஒவ்வோர் ஆண்டும் வரும். மானியம் ஒவ்வோர் ஆண்டும் வரும் என்று எவரும் உறுதி தரவில்லை. அதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. புது நிறுவனம் என்பது சட்டத்தின் கண்ணில் வேறு ஆள். கடை வாடகை ஒப்பந்தம், கிடங்கு ஒப்பந்தம், உணவு இறக்குமதிப் பதிவு, சேம நிதிக் கணக்கு, ஜொகூர் ஊழியர்களின் வேலை அனுமதி அனைத்தையும் மாற்ற வேண்டும். உணவகங்கள் தர வேண்டிய பாக்கி உங்கள் அப்பாவுக்குத் தர வேண்டிய பாக்கி. அதையும் எழுத்தில் புது நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுக்காவிட்டால் நாளை வழக்கு என்று வரும்போது சிக்கல்.

மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள் வேறு உண்டு. வருமானம் உயர்ந்திருந்தால் வரியைப் பாருங்கள். தனிநபர் வருமான வரி உச்சத்தில் 24 விழுக்காடு, நிறுவன வரி 17 விழுக்காடு. தகுதிபெறும் புது நிறுவனத்துக்கு முதல் மூன்று ஆண்டுகள், வரிக்குரிய வருமானத்தின் முதல் 100,000 வெள்ளியில் 75 விழுக்காடும் அடுத்த 100,000 வெள்ளியில் 50 விழுக்காடும் விலக்கு. அப்பாவுக்குப் பின் கடையை நீங்களும் தம்பியும் சேர்ந்து நடத்தப்போகிறீர்கள் என்றால் பங்குகளாகப் பிரிப்பது எளிது. வீடு வாசல் தப்பிக்கும் என்றும் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. சிறு நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கி பெரும்பாலும் இயக்குநரின் தனிப்பட்ட உத்தரவாதத்தைக் கேட்டுவிடும்.

நெருக்கடிக்கால உதவியைப் பொறுத்தவரை, தனிநபர் நிறுவனம் எல்லா இடத்திலும் ஒதுக்கப்படவில்லை. 2022இல் வந்த சிறு வணிக மீட்சி மானியம் சில்லறைக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் உள்ளூர் ஊழியருக்கு 1,000 வெள்ளி வீதம், நிறுவனத்துக்கு அதிகபட்சம் 10,000 வரை கொடுத்தது. அதில் தனிநபர் நிறுவனங்களும் இருந்தன. உள்ளூர் ஊழியரே இல்லாத தனிநபர் கடைக்கும் 1,000 வெள்ளி கிடைத்தது. படிப்படியாக உயரும் சம்பள முறைக்கு அரசாங்கம் தரும் பங்கும் முதலாளி எந்த வகை என்று பார்ப்பதில்லை. 2025ஆம் ஆண்டு கொடுத்த சம்பள உயர்வில் 40 விழுக்காடு, 2026இல் 20 விழுக்காடு. உங்கள் நால்வரில் சம்பளம் குறைந்தவர்களுக்கு உயர்த்தியிருந்தால் விண்ணப்பமில்லாமலே வரும். கணக்கைத் திறந்து பார்த்தீர்களா? பலர் வந்த பணத்தையே கவனிப்பதில்லை.

வித்தியாசம் ஒன்றே ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வேலை ஆதரவுத் திட்டத்தில் தனிநபர் நிறுவன உரிமையாளரின் சொந்தச் சம்பளம் சேராது. பிரைவேட் லிமிடெட் நடத்தி, 100,000 வெள்ளிக்கு மேற்படாத வருமானம் உள்ள பங்குதாரர் இயக்குநர்களைப் பின்னர் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் உங்கள் அப்பாவுக்கு அதற்கு ஈடாக 9,000 வந்துவிட்டது.

என் வாடிக்கையாளர்களுக்கு நான் ஓயாமல் சொல்வது வேறு. நெருக்கடி வரும்போது அரசாங்கம் உங்களைப் பார்ப்பது ஏற்கெனவே அதன் கையிலுள்ள பதிவுகளின் வழியாகத்தான். யாருக்குச் சேம நிதி கட்டினீர்கள், பதிவேட்டில் உங்கள் முதன்மைத் தொழில் எண் என்ன, வரிக் கணக்கில் எவ்வளவு விற்பனை காட்டினீர்கள். இந்த மூன்றும்தான். வேலை ஆதரவுத் திட்டத்தில் 2020 ஏப்ரல், மே மாதச் சம்பளத்துக்கு எல்லாத் துறைக்கும் முதல் 4,600 வெள்ளியில் 75 விழுக்காடு. அதன்பிறகு சில்லறைக் கடைகளுக்கு 50 விழுக்காடு, மொத்த வணிகத்துக்கு 25 விழுக்காடு. செப்டம்பரிலிருந்து 30, 10. தொழில் எண் 47 என்று தொடங்கினால் சில்லறை. 46 என்று தொடங்கினால் மொத்தம். இரண்டும் செய்யும் உங்களைப் போன்ற கடை எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது என்பது பல ஆயிரம் வெள்ளி வித்தியாசம். சில்லறையிலும் பேரங்காடி, இணைய விற்பனை போன்றவற்றைக் கீழ்ப்படியில் வைத்திருந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் பதிவில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வராக்கடனைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இங்கே இருக்கிறார். அவருக்கு விட்டுவிடுகிறேன்.


பாசிர் பாஞ்சாங் வெங்காயக்காரர் எழுதியது:

மகளே, உன் அப்பா சொல்வதுதான் சரி. கணக்காளர் தம்பி சொன்னதும் சரி. நான் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு விற்கிறேன். என் அப்பாவுக்குப் பின் நான், எனக்குப் பின் என் மகன். 1985 மந்தத்தின்போது நான் பள்ளி முடித்த பையன். அடுத்த ஆண்டு முதலாளிகளின் சேம நிதிப் பங்கை 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்கு இறக்கினார்கள். என் அப்பா கணக்குப் புத்தகத்தில் அந்த வரியைச் சிவப்பு மையில் எழுதிவைத்தார். 2009இல் ஊழியர் சம்பளத்தின் முதல் 2,500 வெள்ளியில் 12 விழுக்காட்டை அரசாங்கம் கொடுத்தது. 2020இல் 75 விழுக்காடு. நிதிக் கையிருப்பிலிருந்து முன்பு எடுத்ததைவிடப் பல மடங்கு எடுத்தார்கள். நம் நாடு கஞ்சத்தனம் செய்தது என்று எவராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அதை வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒவ்வொரு நெருக்கடியிலும் உதவி இரண்டு இடத்துக்குப் போகிறது. ஒன்று சம்பளம். இன்னொன்று வாடகை. கடைக்காரனுக்கு இந்த இரண்டும்தான் பெரிய செலவு. மொத்த வியாபாரிக்கு அப்படி இல்லை. எனக்குச் சம்பளமும் வாடகையும் சிறு பகுதி. என் முதல் முழுவதும் சரக்கிலும், சரக்கை வாங்கிக்கொண்டு போனவர்களின் கையிலும் இருக்கிறது. வெங்காயத்தை மிளகாய் மாதிரி மூட்டையில் போட்டுக் காத்திருக்கவும் முடியாது.

வாடகையில் என்ன நடந்தது என்று பார். 2020 ஜூன் மாதம் நாடாளுமன்றத்தில் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆண்டு விற்பனை 100 மில்லியன் வெள்ளிக்கு மேற்படாத, 2020 ஏப்ரல், மே மாத வருமானம் முந்திய ஆண்டைவிட 35 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்த சிறு கடைக்கு நான்கு மாத அடிப்படை வாடகை தள்ளுபடி. பாதியை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. மறுபாதியைக் கட்டட உரிமையாளர் ஏற்க வேண்டும் என்று சட்டமே சொன்னது. நல்ல சட்டம். ஆனால் அது வணிகக் கட்டடத்துக்கு. தொழிற்பேட்டைக் கட்டடத்துக்கும் அலுவலகத்துக்கும் இரண்டு மாதம்தான். உன் அப்பாவின் டன்லப் ஸ்திரீட் கடைக்கு நான்கு மாதம் என்றால் காக்கி புக்கிட் கிடங்குக்கு இரண்டு மாதம். நிறைய மொத்த வியாபாரிகள் கிடங்கு மட்டுமே வைத்திருப்பவர்கள். அவர்களுக்குச் சம்பளத்தில் 25 விழுக்காடு, வாடகைத் தள்ளுபடி கடைக்குக் கிடைத்ததில் பாதி. முன்னால் நிற்கும் கடைக்கு நல்ல குடை, அந்தக் கடைக்குச் சரக்கு போடுபவனுக்குக் கைக்குட்டை.

இன்னொன்றையும் சொல்கிறேன், பலருக்கு இது தெரியாது. அதே ஆண்டு ஏப்ரல் 20 முதல் அக்டோபர் 19 வரை நொடிப்புச் சட்டத்தின் வரம்பை உயர்த்திவைத்தார்கள். அதுவரை ஒரு நிறுவனம் 10,000 வெள்ளிக்குமேல் பாக்கி வைத்தால் 21 நாள் கெடு கொடுத்துச் சட்டப்படி கேட்க முடிந்தது. அந்த ஆறு மாதம் வரம்பு 100,000 வெள்ளி, கெடு ஆறு மாதம். தனியாளுக்கு 15,000 வெள்ளி 60,000 ஆனது. கடன்பட்ட உணவகத்தைக் காப்பாற்ற அது தேவைதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் எனக்கு 38,000 வெள்ளி தர வேண்டிய உணவகத்தை நான் என்ன செய்ய முடியும்? அந்தச் சட்டத்தில் கடன் வாங்கியவனுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. அவனுக்குக் கடன் கொடுத்த சிறு வியாபாரியும் சிறு வியாபாரிதானே? வங்கிக்குத் தாங்கும் வலு உண்டு. கட்டட உரிமையாளருக்குச் சொத்து வரித் தள்ளுபடியும் ரொக்கமும் போனது. எனக்கு யார் கொடுத்தார்கள்?

கிடைத்தது கடன். அரசாங்கம் வங்கிக்கு 90 விழுக்காடு பொறுப்பேற்றது, 5 மில்லியன் வெள்ளி வரை, வட்டி 5 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. கேட்க நன்றாக இருக்கும். அந்த 90 விழுக்காடு வங்கிக்கான பாதுகாப்பு. நான் கட்ட வேண்டியது முழுவதும் என் தலையில்தான். உன் அப்பா ஐந்து ஆண்டு கட்டினாரே, அது யார் சாப்பிட்ட சாப்பாட்டுக்கான பணம்? உணவகத்தில் சாப்பிட்டவர் பணம் கொடுத்துவிட்டார். உணவகத்துக்காரருக்கு வாடகையும் சம்பளமும் உதவியாக வந்தது. மிளகாய்க்கான பாக்கியை மட்டும் உன் அப்பா வட்டியோடு சுமந்தார்.

அடுத்த நெருக்கடியில் நம் சங்கங்கள் இதைக் கேட்க வேண்டும். லிட்டில் இந்தியா கடைக்காரர் சங்கமான லிஷாவும் இந்திய வர்த்தக, தொழிற் சபையும் வாடகைக்காகக் குரல் கொடுத்தார்கள், நன்றி. சரக்குப் பாக்கிக்கும் குரல் கொடுக்க வேண்டும். உதவி பெறும் உணவகம் அந்தப் பணத்தில் ஒரு பங்கைச் சரக்கு போட்டவருக்குக் கொடுத்ததாகக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி வைத்தால் போதும். வாடகையில் பாதியைக் கட்டட உரிமையாளர் ஏற்க வேண்டும் என்று சட்டம் எழுத முடிந்த நாட்டில் இது முடியாததா?

மகளே, நிறுவனத்தை மாற்றுவதைவிட வாடிக்கையாளர்களின் கெடுவைக் குறை. நான் 2021க்குப் பிறகு புது உணவகத்துக்கு 30 நாள்தான். முதல் மூன்று மாதம் கைக்காசு. கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போகட்டும்.


ஈசூன் மினிமார்ட் எழுதியது:

ஐயா சொல்வதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். எனக்கு மிகவும் கைகொடுத்த உதவி, கடைகளில் செலவழிக்க அரசாங்கம் குடும்பங்களுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டுதான். 2021 டிசம்பரில் வீட்டுக்கு 100 வெள்ளி கொடுத்தார்கள். அன்றைக்கு அதைப் பேரங்காடியில் செலவழிக்க முடியாது, உணவங்காடியிலும் குடியிருப்புப் பேட்டைக் கடைகளிலும் மட்டும்தான். என் கடையில் அந்த மாதம் தெரிந்த முகங்களைவிடப் புது முகங்கள் அதிகம். அவர்களில் பலர் இன்னும் வருகிறார்கள். வாடகைத் தள்ளுபடி ஒரு முறை வந்து முடிந்துபோகும். வாடிக்கையாளர் நின்றால் அது நிலைக்கும். நான் விற்றால் என் மொத்த வியாபாரியிடம் அதிகம் வாங்குவேன், அவருக்கும் உடனே பணம் கொடுப்பேன். அந்த வகையில் பற்றுச்சீட்டு மொத்த வியாபாரிக்கும் போய்ச்சேருகிறது.

2023 ஜனவரியிலிருந்து பாதித் தொகையைப் பேரங்காடிக்கு ஒதுக்கியது எனக்கு வருத்தம். அரிசி, எண்ணெய், பால்மாவுக்கு மக்கள் அங்கே போய்விடுகிறார்கள். முதியவர்களுக்கு அது வசதி என்பது புரிகிறது. ஆனாலும் பற்றுச்சீட்டு முழுவதும் சிறு கடைக்கே இருந்தால் எங்களுக்கு இன்னும் பெரிய உதவி.


பாசிர் பாஞ்சாங் வெங்காயக்காரர் எழுதியது:

தம்பி, உன் கடை அப்படி. உன்னைப் போல் உடனே பணம் கொடுக்கும் கடைக்காரர் எத்தனை பேர்? பற்றுச்சீட்டு நல்லதுதான், நான் மறுக்கவில்லை. உன் வாடிக்கையாளர் எனக்கும் வாடிக்கையாளர். ஆனால் நான் பேசுவது ஏற்கெனவே போன சரக்குக்கான பணம். புது விற்பனை பழைய பாக்கியை அடைக்காது.


தோ பாயோ கணக்காளர் எழுதியது:

ஐயாவின் கோரிக்கை நியாயமானது. அது ஏன் நடக்கவில்லை என்பதற்கு என் பக்கத்திலிருந்து ஒரு காரணம் சொல்கிறேன். வாடகைக்கு முத்திரையிட்ட ஒப்பந்தம் இருக்கிறது. சம்பளத்துக்குச் சேம நிதிப் பதிவு இருக்கிறது. சரக்குப் பாக்கிக்குப் பெரும்பாலான கடைகளில் இருப்பது கார்பன் தாளோடு எழுதிய பில் புத்தகம். உணவகத்துக்காரர் கையெழுத்துக்கூட இருக்காது, சமையல்காரர் வாங்கிக்கொண்டு உள்ளே போயிருப்பார். ஒரு மாதத்துக்குள் பல்லாயிரம் நிறுவனங்களுக்குப் பணம் போட வேண்டிய அதிகாரி இதை எப்படிச் சரிபார்ப்பார்?

அதனால்தான் மின்-விலைப்பட்டியலைப் பற்றி என் வாடிக்கையாளர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இன்வாய்ஸ்நவ் என்ற தேசிய மின்-விலைப்பட்டியல் கட்டமைப்பு 2019இலேயே வந்துவிட்டது. 2020இல் அதிலும் பேநவ் கார்ப்பரேட் என்ற மின்கட்டண முறையிலும் சேர்ந்து, அடுத்தடுத்த படிகளையும் செய்தால் சில்லறைக் கடைக்கும் உணவகத்துக்கும் மொத்தம் 10,000 வெள்ளி வரை ஊக்கத்தொகை என்றார்கள். நிறையப் பேர் முதல் கட்டப் பணத்தை வாங்கிக்கொண்டு மறுபடியும் பில் புத்தகத்துக்கே திரும்பிவிட்டார்கள். பாக்கி நாள்வாரியாக, ஆள்வாரியாக மின்பதிவில் இருந்தால் நாளை சங்கம் அரசாங்கத்திடம் போய், இதோ எங்கள் உறுப்பினர்களுக்கு வர வேண்டியது இவ்வளவு என்று காட்ட முடியும். இன்றைக்குக் காட்ட எதுவும் இல்லை.

இப்போதைக்கு வராக்கடனுக்கு என்று தனி மானியம் கிடையாது அம்மா. நடைமுறை மூலதனக் கடனுக்கு அரசாங்கப் பொறுப்பேற்புள்ள திட்டம் இருக்கிறது, 2024இல் அதன் வரம்பை 500,000 வெள்ளியாக நிரந்தரமாக்கினார்கள். வெங்காயக்கார ஐயா சொன்னது அதற்கும் பொருந்தும்: அது கடன்தான். கிடங்கு இருப்பும் பாக்கியும் பார்க்கும் மென்பொருள் வாங்குவதானால் உற்பத்தித்திறன் தீர்வு மானியத்தில் பாதிச் செலவு கிடைக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் 80 விழுக்காடு கொடுத்தது இப்போது 50. தனிநபர் நிறுவனமும் கேட்கலாம். ஆனால் விற்பனையாளருக்கு முன்பணம் எதுவும் கட்டாமல் முதலில் விண்ணப்பியுங்கள். பணம் கட்டிவிட்டு வந்தால் கிடைக்காது. செலவை நீங்கள் முதலில் கொடுத்துவிட்டுப் பின்னர்தான் திரும்பப் பெறுவீர்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.


மளிகைக்கடை மகள் எழுதியது:

அனைவருக்கும் மிகுந்த நன்றி. ஐயா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மிளகாய்க்கான பாக்கி" என்ற வரியில் நிறுத்தச் சொல்லி இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். நிறுவனத்தை மாற்றும் பேச்சை இப்போதைக்கு விட்டுவிட்டோம். தம்பியும் ஒத்துக்கொண்டான். தொழிலை நாங்கள் இருவரும் எடுக்கும் காலத்தில் பார்த்துக்கொள்கிறோம்.

சம்பள உயர்வுப் பங்கு பற்றிச் சொன்னீர்கள். பார்த்தேன். மார்ச் மாதம் வந்திருக்கிறது. அப்பா அதை வரித் திருப்பம் என்று நினைத்திருந்தார்.

கெடுவைக் குறைப்பதுதான் வீட்டில் கடினம். அப்பாவின் பழைய வாடிக்கையாளர்களில் மூவர் 90 நாள்காரர்கள். அவர்கள் கடை திறந்த நாளிலிருந்து நாங்கள்தான் சரக்கு. அவர்களிடம் 30 நாள் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வராது. புதியவர்களிடமிருந்து தொடங்கலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். பழையவர்களுக்குக் கெடுவைக் கை வைக்காமல், ஒரு நேரத்தில் இவ்வளவுக்குமேல் பாக்கி நிற்கக் கூடாது என்று தொகையில் ஒரு வரம்பு வைக்கலாம் என்று யோசிக்கிறோம்.

எங்கள் பதிவைத் திறந்து பார்த்தேன். முதன்மைத் தொழில் 46 என்று தொடங்கும் எண்தான், மொத்த வணிகம். சில்லறை இரண்டாவது தொழிலாக இருக்கிறது. 2020இல் கடை ஊழியர் சம்பளத்துக்கு 25 விழுக்காடு வந்ததன் காரணம் இப்போதுதான் தெரிகிறது. விற்பனையில் பெரும்பங்கு மொத்தம்தான் என்பதால் பதிவு பொய்யில்லை. ஆனால் வேலை செய்பவர்களில் மூவர் முன்கடையில் நிற்பவர்கள். எண்ணை மாற்றலாமா?


தோ பாயோ கணக்காளர் எழுதியது:

விற்பனையில் பெரும்பங்கு மொத்தம் என்றால் மாற்றாதீர்கள். பதிவு உண்மையைச் சொல்ல வேண்டும். நெருக்கடி அறிவிப்புக்குப் பின் எண்ணை மாற்றுபவரை எந்த அதிகாரியும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். தொழிலே மாறி, சில்லறை விற்பனை மொத்தத்தைத் தாண்டும் நாளில் நிறுவனப் பதிவுக்கான பிஸ்ஃபைல் தளத்தில் நீங்களே மாற்றலாம். மாற்றம் நடந்த 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

அதுவரை செய்ய வேண்டியது ஒன்று. முன்கடைக்கும் கிடங்குக்கும் விற்பனை, சம்பளம், வாடகை மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். 2020இல் தங்கள் வகைப்பாட்டை மறுபரிசீலனை செய்யச் சொல்லி முறையிட்ட கடைகளுக்காக நான் கடிதம் எழுதியிருக்கிறேன். இரண்டையும் ஒரே புத்தகத்தில் கலந்து வைத்திருந்தவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்த மாதக் கணக்கிலிருந்தே தொடங்கலாம். படிவம் வேண்டுமென்றால் தனிச்செய்தியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.